எப்படித் தெரியும் தாத்தா?

நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுதான் அடிக்கடி காதில் விழும். "இயற்கையில பண்ணா மண்ணு பொலபொலன்னு ஆயிடும்." "பஞ்சகவ்யம் தெளிச்சா பயிரு ஜம்முனு எழுந்துக்கும்." "நாட்டு விதைதானே, முளைப்பு பத்திக் கவலையே வேணாம்." நானும் இப்படிப் பேசுகிறவன்தான். ஆனால் இதையே ஒன்பது, பத்து வயசுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே கேள்வியில் நம்மை நிறுத்திவிடும்: "அது உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?"

வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்தவன் நான். வருஷா வருஷம் ஆடிட்டர் வந்து உட்காருவார். நாம் எவ்வளவு நேர்மையாகப் பேசினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "சரி, வவுச்சர் எங்கே?" பேரப்பிள்ளைகள் கேட்பதும் அந்த வவுச்சரைத்தான். இயற்கை உழவுக்கு வருகிற எல்லோரிடமும் ஊரும் உறவும் கேட்பதும் அதுதான்.

திருவண்ணாமலையில் இருந்து வேட்டவலம் போகிற பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். ஒரு ஏக்கர் கழனி, இரண்டு ஏக்கர் கொல்லை. கழனியில் நெல், கொல்லையில் மல்லாட்டை, ஊடுபயிராகத் துவரையும் காராமணியும். ஓய்வு பெற்ற பிறகு ஒன்பது வருஷமாக ரசாயனம் இல்லாமல் செய்கிறேன். கோடை விடுமுறைக்கு மகள் வழிப் பேத்தி (12 வயசு), மகன் வழிப் பேரன் (9 வயசு) இருவரும் சென்னையில் இருந்து வந்துவிடுவார்கள். வெயிலில் கிரிவலப் பாதைகூடச் சுடுகிற மே மாசத்தில் இவர்களை எப்படிச் செல்போனிடமிருந்து பிரிப்பது? வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்தே மண்ணையும் விதையையும் தண்ணீரையும் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தோம். பைசா செலவில்லை. இரண்டு வருஷமாக நடக்கிறது. எந்தக் குடும்பமும் செய்யக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

வீடே பரிசோதனைக்கூடம்

இது புதுசு ஒன்றும் இல்லை. சார்லஸ் டார்வின் 1881இல், தன் 72ஆம் வயதில், மண்புழுக்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்கான பரிசோதனைக்கூடம் அவர் வீடும் தோட்டமும்தான். மண்புழு இருந்த தொட்டிகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதற்குக் காது கேட்குமா என்று பார்க்க விசில் ஊதினார்கள், பாசூன் என்கிற பெரிய குழலை வாசித்தார்கள், பியானோ தட்டினார்கள். புழு அசையவே இல்லை. அதே தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு சுரம் தட்டியதும் சடாரென்று வளைக்குள் போய்விட்டது. காது கேட்காது, அதிர்வு தெரியும் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்த வேலையில் அவருடைய மகன்கள் கூட இருந்தார்கள். தாயை இழந்த பேரன் ஒருவன் அந்த வீட்டில்தான் வளர்ந்தான். இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு வருஷத்துக்கு 10 டன்னுக்கு மேல் மண்ணை மண்புழுக்கள் தின்று மேலே தள்ளுகின்றன என்று அந்தப் புத்தகத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். நாம் இன்றைக்கு மேடையில் மண்புழுவைப் பற்றிப் பேசுவதற்கெல்லாம் அடி அங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில், செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் தொடங்கியது. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1978இல் அங்கே போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்தே பொம்மைகள் செய்து பாடம் சொல்ல வழி காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழில் 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் வருகிறது. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையையே எடுத்து ஆய்வு செய்கிறார்கள். எல்லாவற்றிலும் பாடம் ஒன்றுதான்: கண்ணாடிக் குழாய் இல்லாவிட்டாலும் கேள்வி இருந்தால் போதும்.

மண் பாட்டில்

முதலில் செய்யச் சுலபமானது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், கல்லும் வேரும் நீக்கியது. மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். மூடி போட்டு ஐந்து நிமிஷம் நன்றாகக் குலுக்க வேண்டும். பேரனுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. பிறகு ஆடாமல் வைத்துவிட வேண்டும்.

மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்காரும். வண்டல் இரண்டு மணி நேரத்தில். களி உட்கார ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். பெரிய துகள் வேகமாக இறங்கும், சின்னது மெதுவாக இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. களித் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கைவிடச் சின்னது. மேலே மிதப்பது மக்கும் குப்பை. ஸ்கேல் வைத்து அளந்தால் எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு களி என்று சதவீதமே போட்டுவிடலாம். எங்கள் கொல்லை மண்ணில் மொத்தம் 10 செ.மீ.க்கு மணல் 6, வண்டல் 2, களி 2 இருந்தது. கழனி மண்ணில் களி கூடுதல். மல்லாட்டை ஏன் கொல்லையில், நெல் ஏன் கழனியில் என்பதைப் பேத்தி நான் சொல்லாமலே சொல்லிவிட்டாள்.

கரையும் கட்டி, கரையாத கட்டி

இரண்டாவது சோதனைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரரும் வந்து நின்றுகொண்டார். அவர் உரம், மருந்து எல்லாம் போடுகிறவர். தன் நிலத்துக் கட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். எங்கள் கொல்லையில் ஒரு கட்டி, புங்கமரத்தடி வரப்பில் ஒரு கட்டி. மூன்றும் ஒரே செம்மண். இது முக்கியம். செம்மண்ணையும் கரிசலையும் ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். நிழலில் நன்றாக உலர்த்தி, கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, வாயில் கொசுவலைத் துண்டைத் தொட்டில் மாதிரி கட்டி, கட்டி முழுகும்படி உட்கார வைத்தோம்.

பக்கத்துக் கொல்லைக் கட்டி ஒரு நிமிஷத்துக்குள் பொலபொலவென்று கொட்டிவிட்டது. எங்கள் கட்டி ஐந்து நிமிஷத்தில் பாதி கரைந்தது. வரப்புக் கட்டி கால் மணி நேரம் ஆகியும் அப்படியே உட்கார்ந்திருந்தது, தண்ணீரும் தெளிவாக இருந்தது.

காரணம் இதுதான். உலர்ந்த கட்டிக்குள் தண்ணீர் புகும்போது உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்பட்டு வெடித்து வெளியே வருகிறது. வேரும் பூஞ்சண இழையும் நுண்ணுயிர் சுரக்கும் பசையும் துகள்களைப் பிடித்து வைத்திருந்தால் கட்டி தாங்கும். இல்லாவிட்டால் உதிரும். மழையில் உதிர்ந்த மண்தான் மேலே படிந்து ஏடு மாதிரி இறுகிப்போய், விதை முட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் செய்கிறது.

"வரப்புக்கு நீங்க ஜீவாமிர்தம் ஊத்தறீங்களா தாத்தா?" என்று பேரன் கேட்டான். இல்லை. வரப்பில் யாரும் ஏர் ஓட்டுவதில்லை. வருஷம் முழுக்கப் புல் வேர் இருக்கிறது, மேலே இலை விழுகிறது. அவ்வளவுதான். இடுபொருள் மட்டும் பேசினால் போதாது, உழவைக் குறைப்பதும் மூடாக்கும் அதே அளவு பேசப்பட வேண்டும் என்பதற்கு இந்த மூன்று டம்ளரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒன்றும் பேசாமல் வரப்பு மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

440 மில்லி தண்ணீர்

15 செ.மீ. விட்டமுள்ள பெயின்ட் டப்பா ஒன்றின் அடியை வெட்டிவிட்டு, மண்ணில் நாலு விரற்கடை இறங்கும்படி பலகை வைத்துத் தட்டினோம். உள்ளே 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முதல் தடவை ஊற்றுவது மண்ணை நனைக்க. இரண்டாவது தடவை ஊற்றும்போதுதான் செல்போனில் நேரம் பார்க்க வேண்டும். (செல்போனுக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்தது.)

மூடாக்குப் போட்ட வாழைப் பாத்தியில் இரண்டு நிமிஷத்தில் இறங்கியது. உழுத கொல்லையில் ஒன்பது நிமிஷம். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே போன வருஷம் வரை மல்லாட்டை விளைந்த இடம் இப்போது மனைப்பிரிவு. மஞ்சள் கல் நட்டு, ரோலர் ஓட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். அங்கே 40 நிமிஷம் ஆகியும் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

பேத்தி கணக்குப் போட்டாள். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 2.5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லாரிக்கு மேல். ஒரே மழைக்கு, ஒரே ஏக்கரில்! வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கிணறு வைத்திருக்கிற நமக்கு இந்த எட்டு லாரித் தண்ணீர் உள்ளே போகிறதா, சாலையில் ஓடுகிறதா என்பது சின்ன விஷயமா?

பனியன் புதைத்த கதை

சுத்தமான பருத்திப் பனியன் இரண்டை எடுத்து, ஒன்றை வாழைப் பாத்தியிலும் மற்றொன்றை எதுவும் வளராத களத்துமேட்டு ஓரத்திலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தோம். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர். கழனி வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பனியன எல்லாம் பொதைக்கிறீங்க? யாருக்குச் செய்வினை?" என்று கேட்டதும் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

பருத்தி என்பது முழுக்கச் செல்லுலோஸ். மண்ணில் உள்ள பாக்டீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் அது சாப்பாடு. உயிருள்ள மண் சீக்கிரம் தின்றுவிடும். சுவிட்சர்லாந்தில் 2021இல் சுமார் 1,000 பேருக்குத் தலா இரண்டு என்று 2,000 பருத்தி உள்ளாடைகளை அனுப்பி, தோட்டத்திலும் வயலிலும் புதைக்கச் சொல்லி அந்த நாட்டின் வேளாண் ஆய்வு மையமும் சூரிச் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சியே நடத்தின. கூடவே தேயிலைப் பைகளையும் புதைத்தார்கள். நம் பனியன் சோதனையும் அந்த ஜாதிதான்.

அறுபது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தபோது தோண்டினோம். களத்துமேட்டுப் பனியனைத் துவைத்தால் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. வாழைப் பாத்தியில் தையல் நூலும் கழுத்துப்பட்டையில் இருந்த லேபிளும்தான் மிச்சம். இரண்டும் பாலியெஸ்டர். மண்ணுக்கு எது சாப்பாடு, எது இல்லை என்று அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முட்டையும் விதைநெல்லும்

இது நம் உழவர்கள் ரொம்ப காலமாகச் செய்வது. வாளித் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் முழுகும். கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து, எட்டணா அளவுக்குத் தலை காட்டும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கிளற வேண்டும். பதரும் அரைகுறையாகப் பால் பிடித்ததும் மிதக்கும். முழுகியதுதான் கனமான விதை. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

முட்டை புதுசாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பழைய முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடுவதால் அது சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கப் பார்க்கும். பேரன் பாட்டியின் முட்டைக் கூடையில் இருந்த அத்தனை முட்டையையும் இப்படிச் சோதித்து ரகம் பிரித்துவிட்டான்.

பிறகு முளைப்புத்திறன். எண்ணி 100 விதையை ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, எண்ணி முளைப்பைப் பார்ப்பது. சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு நெல்லுக்கு 80 சதவீதம், மல்லாட்டைக்கு 70. எங்கள் வீட்டுத் தூயமல்லி 88 வந்தது. மல்லாட்டையில் காயாக வைத்திருந்து அன்றைக்கு உடைத்தது 81, இரண்டு மாசம் முன்பே உடைத்துப் பருப்பாக வைத்திருந்தது 54. நாட்டு விதைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு விதைத்திருந்தால் பாதிக் கொல்லை பாழ்தான். விதைக்கிறதுக்குச் சற்று முன்னால்தான் காயை உடைக்கணும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு வவுச்சர் கிடைத்தது.

பாட்டிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்

எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கிய சோதனை இது. பால் பாக்கெட்டில் மண் நிரப்பி 30 மல்லாட்டைச் செடி வைத்தோம். பத்துக்கு வெறும் தண்ணீர், பத்துக்கு 3 சதவீதப் பஞ்சகவ்யம், பத்துக்கு ஜீவாமிர்தக் கரைசல். எதற்கு எது என்று என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பாக்கெட்டில் அ, ஆ, இ என்று எழுதியிருக்கும். அளக்கிற பேத்திக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கும் தெரியாது. "தெரிஞ்சா தாத்தா பஞ்சகவ்யச் செடியை மட்டும் இழுத்து அளப்பாரு" என்றாள் பேத்தி. சரியான ஆடிட்டர்.

பதினைந்து நாளில் மூன்று கூட்டத்துக்கும் உயரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

உடனே பஞ்சகவ்யம் வேஸ்ட் என்று எழுதிவிடலாமா? பேத்தி எழுதப் போனாள். ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன். மல்லாட்டைப் பருப்பின் இரண்டு பாதியும் சுருங்கிப்போய் இன்னும் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் மாதிரி, முதல் நாட்களுக்கான சாப்பாட்டை விதையே கட்டிக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் வெளியில் இருந்து எதைக் கொடுத்தாலும் பெரிசாகத் தெரியாது. ஆகவே இந்தச் சோதனை பஞ்சகவ்யத்தை ஜெயிக்கவும் வைக்கவில்லை, தோற்கவும் வைக்கவில்லை. கேள்வியை வேறு சமயத்தில், காய் பிடிக்கும்வரை வைத்திருந்து கேட்க வேண்டும். அடுத்த பட்டத்தில் கொல்லையிலேயே பாத்தி பிரித்து அப்படித்தான் செய்யப் போகிறோம். முடிவு எதுவாக இருந்தாலும் நோட்டில் ஏறும்.

காலாண்டு விடுமுறையில் இன்னொன்று பார்த்தார்கள். ஆடியில் விதைத்த மல்லாட்டைச் செடியை வேரோடு மெதுவாக எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று அதில் இருக்கிறது. சிவப்பாக இருந்தால் முடிச்சு காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது. யூரியா மூட்டை தூக்காமலே தழைச்சத்து வருவதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

வெயில் நேரத்துக்கு, நிழலில்

வெளியே போகமுடியாத மத்தியானங்களுக்கு அடுப்படி இருக்கிறது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். ஆரத்தி அதுதான். அதில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். காரம், புளிப்பு என்ற பாடம் முடிந்தது. செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு எடுத்த சாறு புளிப்புக்குச் செக்கச்செவேல், காரத்துக்குப் பச்சை. மோர், சாம்பல் தண்ணீர், போர் தண்ணீர், புளித்த ஜீவாமிர்தம் என்று வரிசையாக ஊற்றிப் பார்க்கலாம்.

எவர்சில்வர் தட்டு மூன்றில் மழைநீர், ஏரித் தண்ணீர், போர் தண்ணீர் ஆகியவற்றை ஒவ்வொரு டம்ளர் ஊற்றி மாடியில் வையுங்கள். காய்ந்த பிறகு எந்தத் தட்டில் எவ்வளவு வெள்ளைப் படிவு என்று பாருங்கள். அந்தப் படிவுதான் வருஷா வருஷம் நம் கழனியில் தங்குகிறது.

தீபத்து ஊர்க்காரர்களுக்கு அகல்விளக்கே பாடம். எண்ணெய் எப்படித் திரியில் மேலே ஏறுகிறது? பஞ்சின் நுண்ணிய இடைவெளிகள் வழியாகத்தான். மலை மேல் எரியும் மகாதீபத்தின் துணித்திரியில் நெய் ஏறுவதும் அப்படியே. இறுகிய மண்ணில் அடி ஈரம் மேலே ஏறி வெயிலில் ஆவியாவதும் அதே வேலைதான். மேல் மண்ணைக் கொத்திவிட்டாலோ மூடாக்குப் போட்டாலோ திரி அறுந்த மாதிரி.

நோட்டுப் புத்தகம்

எங்கள் வீட்டில் ஐந்து சட்டம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும். எதுவும் செய்யாத ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைக்கணும். ஒரு செடியைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, பத்தாவது வேணும். தேதி போட்டு அன்றன்றைக்கே எழுதணும். நமக்குப் பிடிக்காத முடிவையும் எழுதணும். கடைசிச் சட்டம்தான் கஷ்டமானது.

அந்த நோட்டுக்கு எதிர்பாராத ஒரு வாசகர் கிடைத்தார். என் மகன். பக்கத்தில் மனை விலை ஏறியதில் இருந்து, "அப்பா, உங்களுக்கும் வயசாகுது, வந்த விலைக்குக் குடுத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கொல்லை தரும் வருமானத்தை வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் எந்த மேலாளரும் கடன் கொடுக்க யோசிப்பார். போன தடவை வந்தவன், டப்பா சோதனைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எட்டு லாரியா? சரியாத்தான் போட்டிருக்காளா?" என்று தன் செல்போனில் மறுபடி கணக்குப் போட்டான். விற்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் மனைக்குச் சதுர அடி விலை இருப்பது போல மழைக்கும் ஏக்கர் கணக்கு ஒன்று இருக்கிறது என்பது இப்போது எங்கள் குடும்பப் பேச்சில் வந்துவிட்டது. நான் வருஷக்கணக்கில் பேசியும் வராதது அது.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. விதைப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். பேரப்பிள்ளைகள் இல்லாவிட்டால் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், மல்லாட்டை அவித்துக் கொடுத்தால் வராமலா போவார்கள்? 100 விதை, ஒரு ஈரச் சாக்கு, ஒரு அடி வெட்டிய டப்பா, ஒரு நோட்டு. இந்த நாலோடு ஆரம்பியுங்கள். உங்கள் நோட்டில் என்ன எண் விழுந்தது என்பதை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். நமக்குச் சாதகமான எண் மட்டும் இல்லை, பாதகமானதையும் கொண்டு வாருங்கள். கூட்டத்தில் யாராவது எழுந்து "அது எப்படித் தெரியும்?" என்று கேட்டால், நோட்டைத் திறந்து காட்ட ஒரு பக்கம் நம்மிடம் இருக்க வேண்டும்.